ஒற்றைக் கத்தரிப்பூ

"பச்சை குத்துறதுல எதுங்க கஷ்டம்?" என்று யாராவது கேட்டால், மாயாங் ஊசி என்று சொல்லமாட்டாள், ரத்தம் என்றும் சொல்லமாட்டாள். "மனுஷங்கதான்" என்பாள். சொல்லிவிட்டு உச்சுக் கொட்டுவாள்.

கூச்சிங் பட்டணத்தில் ஆ லெங் அம்மாளின் கொலோ மீ என்கிற நூடுல்ஸ் கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் அவள் அறை. ஒரு பாய், ஒரு தலையணை, ஊசி அவிக்கிற பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான். ஆனால் அந்தப் படி ஏறி வருகிற ஒவ்வொருத்தரும் ஒரு வில்லங்கத்தைக் கையோடு கொண்டுதான் வருவார்கள். ஒருத்தன் கத்தரிப்பூவைக் கணுக்காலில் குத்தச் சொல்வான். ஒருத்தன் பூவின் நடுவில் காதலியின் பெயரைப் போடச் சொல்வான். அடுத்த மாதமே வந்து, அந்தப் பெயரைக் கொஞ்சம் திருத்தி வேறொரு பெயராக்க முடியுமா என்பான். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, "ஒன்று மட்டும் போதும், இடது தோளில்" என்றாள்.

"ஒண்ணு மட்டுமா? செருப்பு ஒண்ணு மட்டும் வாங்குவியாம்மா நீ?"

கத்தரிப்பூ என்றால் இரண்டு. வலது தோளுக்கு ஒன்று, இடது தோளுக்கு ஒன்று. இபான் பழங்குடிப் பிள்ளை ஒருவன் பிழைப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பும்போது குத்திக்கொள்வது. மூட்டையின் வார் இரண்டு தோளிலும்தானே அழுந்துகிறது? இதைக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் அவளுக்கு எரிச்சல்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதையே ஒரு கூத்து. பள்ளிக்கூடம் முடித்ததும் லாயார் ஆற்றங்கரையை விட்டு சிபுவுக்குப் போய் ஒரு கேக் கடையில் சேர்ந்தாள். ஏழு வருஷம் பிறந்தநாள் கேக்குகளின் மேல் சர்க்கரைப் பாகால் பெயர் எழுதினாள். கை நடுங்கினால் முதலாளி கேக்கையே அவள் தலையில் கட்டிவிடுவார்; ஆகவே கை நடுங்காமல் பழகிக்கொண்டது. பிறகு ஜிம்புனைக் கட்டிக்கொண்டாள். அவன் பச்சை குத்துகிறவன். கோலால் தட்டிக் குத்துகிற வேலைக்கு நாலு கை வேண்டும்: ஒருவர் ஊசிக் கொத்து கட்டிய கோலைப் பிடித்து, இன்னொரு கோலால் அதைத் தட்டிக் குத்த வேண்டும், மற்றவர் தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒன்பது வருஷம் மாயாங் தோலை இழுத்துப் பிடித்தாள். ஒன்பது வருஷமும் புருஷனின் கோடு நெளிவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

ஜிம்புன் கெட்டிக்காரன்தான், இல்லை என்று யார் சொன்னது? தோலில் ஒற்றி எடுக்கிற அச்சுக்கட்டை செதுக்குவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஒருநாள் உளி பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டது. பாயில் ஒரு கால்பந்துக்காரன் பாதி முதுகோடு குப்புறக் கிடந்தான்; மறுநாள் அவனுக்கு வெளியூரில் ஆட்டம். "நீதான் தட்டேன்" என்றான் ஜிம்புன். தட்டினாள். முடித்துத் துடைத்ததும், ஜிம்புன் தான் குத்திய பாதியையும் அவள் குத்திய பாதியையும் மாறி மாறிப் பார்த்தான். "தெரேசா அம்மா, இனிமே நீ குத்து, நான் பிடிக்கிறேன்" என்றான், வழக்கம்போல மகள் பெயரால் அவளைக் கூப்பிட்டு. ஒரு துளி வருத்தமில்லை அவன் முகத்தில். அந்த நல்ல குணத்துக்காக அவன் காலில் விழலாம். ஆனால் தோலைப் பிடிக்கிறானே, அதற்காகக் கழுத்தை நெரிக்கலாம்.

அவனுக்கு வாய் சும்மா இருக்காது. பாயில் கிடக்கிறவனிடம் மீன் பிடித்த கதை சொல்லுவான். கதை சூடேற ஏறப் பிடி தளரும். மீன் தூண்டிலில் மாட்டிய இடம் வந்ததும், அது எவ்வளவு நீளம் என்று காட்டுவதற்காக இரண்டு கையையும் தோலிலிருந்து எடுத்தே விடுவான்.

"தெரேசா அப்பா! மீன் போகட்டும், தோலைப் பிடி!"

இதை அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துவாள். கீழே ஆ லெங் அம்மாளின் கடையில் மீ சாப்பிடுகிறவர்களுக்கே மனப்பாடம்.

இருந்தும் அந்த வேலையை அவள் விடவில்லை. ஏனென்றால் எப்போதாவது ஒரு நாள், மனதில் நினைத்த கோடு நினைத்த இடத்தில் போய் அப்படியே நிற்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் வயிறு குளிரும். அடுத்த நிமிஷம் படியில் எவனாவது கைப்பேசியில் டிராகன் படத்தோடு ஏறி வந்துவிடுவான்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சை குத்திக்கொள்கிறவன் முதலில் ஒரு துண்டு இரும்பு கொடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கிற வேலை. கொடுத்தவன் உயிரும் வாங்கினவள் உயிரும் திடமாக இருக்கவேண்டுமென்றால் நடுவில் இரும்பு வேண்டும். கொடுத்த இரும்பைத் திரும்பக் கேட்கக் கூடாது. ஆணி, கத்தி முனை, சைக்கிள் சங்கிலி, படகு எஞ்சின் திருகு என்று பெட்டி நிறைந்து கிடந்தது. ராஜாங் ஆற்றுக்காரர்கள் கொடுத்தது, பாலே ஆற்றுக்காரர்கள் கொடுத்தது, எல்லாம் இருந்தது. லாயார் ஆற்றின் கரையில், இருபத்தெட்டுக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிற அவளுடைய சொந்த நீளவீட்டிலிருந்து மட்டும் ஒரு குண்டூசி கூட வரவில்லை.

வராது. "பொம்பளை குத்தின பூவுல மூட்டை நிக்காது" என்பது அந்த வீட்டின் பேச்சு. அதிலும் உரக்கச் சொன்னவள் அவள் சொந்தப் பெரியம்மா சுலாவ். சுலாவ் நெய்த துணி என்றால் ஆற்றின் மேல்முனை வரைக்கும் பேர். "தறியில உக்காந்து ஒரு முழம் ஒழுங்கா நெய்யத் துப்பில்லாதவ, ஆம்பளைக் கோலைத் தூக்கிட்டாளாம்" என்று அவள் சொன்னது, சொன்ன வாய் மூடுவதற்குள் கூச்சிங்குக்கு வந்து சேர்ந்தது.

அதனால்தான், அந்தப் பெரியம்மாவின் மகன் ரங்காவ் ஒரு வியாழக்கிழமை காலையில் படியேறி வந்து, "அக்கா, ஞாயித்துக்கிழமை ஜொகூருக்குப் பிளைட்டு. கப்பல் பட்டறையில வெல்டர் வேலை கிடைச்சிருக்கு. பூ குத்தணும்" என்றபோது, மாயாங்குக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டிலிருந்து முதல் ஆள்! காவாய் அறுவடைத் திருநாளுக்கு இவன் சட்டையில்லாமல் வீட்டுக் கூடத்தில் நடந்தால், இருபத்தெட்டுக் கதவும் திறந்து இவன் தோள்களைப் பார்க்கும். பூ நன்றாக இருந்தால் அவளை வீடு ஏற்றுக்கொண்டது போலத்தான். சொதப்பினால் ஜென்மத்துக்கும் பேச முடியாது.

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனே" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் கூரைப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. "சரி, கோழி எங்கே, இரும்பு எங்கே?" என்றாள். அதுவும் முறைதான், ஒரு கோழி கொண்டு வரவேண்டும். ரங்காவ் ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினான். திறந்தால் பொரித்த கோழி, கூடவே தக்காளிச் சாஸ்.

"டேய், உசுரோட இருக்கிற கோழிடா!"

"பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டாங்கக்கா."

"இரும்பு?"

பையன் சட்டைப் பையைத் தடவினான், பேண்ட் பையைத் தடவினான், "ஒரு நிமிஷம்" என்று கீழே ஓடினான். திரும்பி வந்து ஒரு கரண்டியை நீட்டினான். காப்பி கலக்குகிற கரண்டி. விரலால் அழுத்தினால் வளைந்தது. வெல்டிங் வேலைக்குப் போகிறவன், இரும்பிலேயே புரளப் போகிறவன், ஒரு ஆணி கொண்டுவர மறந்து கரண்டியோடு நிற்கிறான்! வேறு யாராவது இருந்தால் மாயாங் படியிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள். வீட்டுப் பிள்ளை, முதல் பிள்ளை, மனசு மாறிவிடுவானோ என்ற பயம். வாங்கிப் பெட்டியில் போட்டாள். அது "ணங்" என்று கூட விழவில்லை, "சொத்" என்றுதான் விழுந்தது.

வலது தோளில் ஜிம்புனின் அச்சுக்கட்டையை மையில் தோய்த்து ஒற்றினாள். நடுவில் சுருளுகிற உயிர்க்கயிறு, தலைப்பிரட்டையின் வயிற்றில் தெரிகிற குடல் மாதிரி, சுற்றிலும் இதழ்கள். உயிர்க்கயிற்றிலிருந்து தொடங்கினாள். டக், டக், டக். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், நல்ல பிள்ளை. ஐந்து இதழ் அருமையாக வந்தது. ஆறாவது இதழுக்கு வந்தபோது ஜிம்புனின் கதையில் மீன் தூண்டிலில் மாட்டியது.

"ரங்காவ், சொன்னா நம்ப மாட்டே. அந்த மீனு இவ்ளோ…"

தோல் தொய்ந்தது. ஊசி ஒரு மயிரிழை விலகி இறங்கியது.

"தெரேசா அப்பா!!"

"பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்."

மறுபடியும் மேலே தட்டி, கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கிச் சரிக்கட்டினாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு மட்டும் அந்த ஆறாவது இதழ் முள் மாதிரி உறுத்தியது. மத்தியானம் வலது பூ முடிந்தது. பையன் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான். "கீழே போய் மீ சாப்பிட்டு வா. வந்ததும் இடது தோள்" என்றாள் மாயாங். போனான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ரங்காவ் வரவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆ லெங் அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"உன் தம்பி என் கடைக் கரண்டியை எடுத்துட்டு வந்தான். எங்கே?"

"அது… அம்மா, அது குடுத்த இரும்பு. திருப்பிக் குடுக்கக் கூடாது."

"யாரு குடுத்தா? நான் குடுத்தேனா? பன்னண்டு கரண்டி, இப்ப பதினொண்ணு. எடு!"

என்ன செய்வது? தகரப் பெட்டியைத் திறந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தாள் மாயாங். ஆ லெங் அம்மாள் அதை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டே, "உன் தம்பி சாப்பிடவும் இல்லை. போன் வந்துச்சு, பேசினான், மூஞ்சி வெளுத்துடுச்சு, ஓடிட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நடந்தது இதுதான். பையன் பூரித்துப்போய் வலது பூவின் படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். பாங்காவ் தெருவில் எம்பாடிங் என்கிற ஆம்பளையிடம் குத்திக்கொள்வதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தான். படத்தின் ஓரத்தில், ரப்பர் கையுறைக்கு மேலே, மாயாங்கின் வெள்ளி வளையல் தெரிந்துவிட்டது. அந்த வளையலைக் கல்யாணத்துக்குப் போட்டதே சுலாவ் பெரியம்மாதான். "எழுந்திரிச்சு வாடா அந்த இடத்தை விட்டு! இன்னொரு தோளை ஆம்பளைகிட்டக் காட்டு!" என்று கத்தியிருக்கிறாள்.

"முட்டாப்பய! ஒத்தைப் பூவோட போறானே!" மாயாங் தலையில் அடித்துக்கொண்டாள். "இரும்பு இல்லாம ஆரம்பிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"கரண்டி இருந்துச்சே" என்றான் ஜிம்புன்.

"வாயை மூடு!"

வெள்ளிக்கிழமை முழுவதும் அவளுக்குப் போன் மேல் போன். முதலில் எம்பாடிங். "மாயாங் அக்கா, உங்க பாதி வேலை ஒண்ணு என் கடை வாசல்ல வந்து நிக்குது. இடது தோளை நான் குத்தணுமாம். அடுத்தவங்க தொடங்கின பூவுல நான் கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காதீங்க." மத்தியானம் சந்தைப் பக்கத்தில் பச்சை குத்துகிற கிழவர். "உன் பூ ஒண்ணு தனியா திரியுதே அம்மா, என்ன சமாச்சாரம்?" சாயங்காலம் முன்பின் தெரியாத ஒருத்தன் கூப்பிட்டுச் சிரிக்கவே சிரித்தான். ஊர் முழுக்கத் தன் அரைகுறை வேலை காலோடு நடந்து போய் ஒவ்வொரு கடையிலும் தலையைக் காட்டுகிறது! கேக் என்றால் யார் தலையிலாவது கட்டிவிடலாம். இது ஒரு ஆளின் தோள். நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவான். ஜொகூரில் சட்டையைக் கழற்றுகிற போதெல்லாம் நாலு பேர் கேட்பார்கள், "என்னடா, இன்னொண்ணு எங்கே?" என்று. "ஒரு பொம்பளை தொடங்கினா, முடிக்க முடியலை" என்பதுதான் பதிலாக நிற்கும். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரங்காவுக்குப் போன் போட்டாள். பதினாலாவது தடவை எடுத்தான்.

"அக்கா, என்னைத் திட்டாதீங்க. ஒருத்தரும் குத்த மாட்டேங்கிறாங்க. அம்மா காலையில முதல் பஸ்ஸுல வர்றாங்க."

"எங்கே வர்றாங்க?"

"உங்ககிட்டத்தான்" என்றான். அழுகிற குரல்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினேழு படியும் அதிர்ந்தன. முன்னால் சுலாவ் பெரியம்மா, தோளில் வெற்றிலைப் பை. பின்னால் ரங்காவ், அந்த வெக்கையில் கழுத்து வரைக்கும் ஜாக்கெட். ஜிம்புன் அவளைப் பார்த்ததும், "நான் காப்பி வாங்கிட்டு…" என்று எழுந்தான். "உக்காரு" என்றாள் பெரியம்மா. உட்கார்ந்தான்.

"ஏன்டி, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? எம் மவன்தான் கிடைச்சானா? ஆம்பளை வேலைக்கு ஆசைப்பட்டியே, ஆரம்பிச்சதை முடிக்கவாவது தெரிஞ்சுதா? நாலு கடை ஏறி இறங்கி நாய் மாதிரி நிக்கிறான்!"

"முடிக்க விட்டீங்களா பெரியம்மா? பாதியில போன் போட்டு எழுப்பினது யாரு? நானா?" மாயாங்குக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு நாளா என் மானம் இந்த ஊருல ஜாக்கெட் போட்டுக்கிட்டுத் திரியுது. உங்களுக்கு வேணாம்னா முதல்லயே வேணாம்னு இருக்கணும். அரைப் பூவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அந்த அரைப் பூவுக்காகத்தான் பெரியம்மாவும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறாள். "கழட்டுடா" என்றாள் மகனிடம். ஜாக்கெட் கழன்றது. ஜன்னல் வெளிச்சத்துக்குப் பையனைத் திருப்பி நிறுத்தி, வலது தோளின் பூவைப் பார்த்தாள். வெறுமனே பார்க்கவில்லை. நெய்து முடித்த துணியை விலைக்கு வாங்குகிறவள் மாதிரி, மூக்கை ஒட்டி, உயிர்க்கயிற்றின் உள்முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கண்ணால் பிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு இதழ், இரண்டு இதழ். ஆறாவது இதழில் அவள் கண் நின்றது.

ஊரில் ஒருத்தர் கண்ணுக்கும் படாதது, எம்பாடிங் கண்ணுக்குக் கூடப் படாதது.

"இங்க ஒரு கோடு ஓடியிருக்கு" என்றாள் பெரியம்மா. மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு, யாரிடமும் இல்லாமல், "இது நெய்யிறவ தப்பு இல்ல. பாவு நூலு தொய்ஞ்சிருக்கு" என்றாள். நிமிர்ந்து ஜிம்புனைப் பார்த்தாள். "யாரு இழுத்துப் பிடிச்சது? நீயா?"

"மீன்…" என்று தொடங்கிய ஜிம்புன் நிறுத்திக்கொண்டான்.

மாயாங்குக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஆறு வருஷம்! கோல் கைக்கு வந்த நாளிலிருந்து அவள் தொண்டை கிழியக் கத்துகிறதை, ஊசியே பிடித்தறியாத ஒருத்தி ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். ஐந்து இதழ் சரியாக இருக்கிறது என்று பெரியம்மா வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லமாட்டாள். குறை இருந்த இடத்தில் மட்டும் விரல் வைத்தாள், அதையும் வேறொருத்தர் தலையில் வைத்தாள். அது போதாதா?

"படுடா" என்றாள் பெரியம்மா மகனிடம். "ஒத்தைப் பூவோட எம் மவனை அனுப்ப மாட்டேன். நான் பிடிக்கிறேன்."

"கையுறை போடுங்க."

"என்னாத்துக்கு? நான் பெத்த தோலு."

"யார் பெத்த தோலா இருந்தாலும் என் பாயில உக்காந்தா ரப்பர் கையுறை. இல்லேன்னா நான் கோலை எடுக்க மாட்டேன்."

"கையுறைக்குள்ள இழுப்பு எப்படித் தெரியும்?"

"தெரியும். உங்க கைக்குத் தெரியும்."

பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். மாயாங் அப்போதும் பாயில் உட்காரவில்லை. தகரப் பெட்டியை எடுத்துத் திறந்து நடுவில் வைத்தாள்.

"இரும்பு."

ரங்காவ் படுத்தபடியே விழித்தான். "அன்னிக்குக் குடுத்தேனேக்கா?"

"அது ஆ லெங் அம்மாளோட காப்பிக் கரண்டி. கடைக்குத் திரும்பிப் போயிருச்சு. இரும்பு இல்லாமத் தொட்டு ஒரு தடவை பட்டது போதும். இந்தப் பாயில இனிமே இரும்பு விழுந்தாத்தான் கோலு."

"கரண்டியா?" பெரியம்மா மகனைப் பார்த்த பார்வையில் வெல்டிங் பற்றவைத்திருக்கலாம். பையன் மறுபடி கூரையைப் பார்த்தான். ஜிம்புன் ஓடிப்போய் ஒரு ஆணி வாங்கிவரட்டுமா என்றான். கொடுக்கிறவர்களின் கைப்பொருளாக இருக்க வேண்டும், கடையில் வாங்கின ஆணிக்கு என்ன மதிப்பு? பெரியம்மா தன் வெற்றிலைப் பையைத் திறந்தாள். வெற்றிலை, சுண்ணாம்புச் சிமிழ், பாக்கு, பாக்குவெட்டி. கருத்து, வழவழத்த பழைய பாக்குவெட்டி. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் "கிர்ரக்" சத்தத்தில்தான் கண்விழித்தார்கள். அவள் அதை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் போடவில்லை. பாயின் ஓரத்தில் வைத்தாள்.

"இப்போதைக்கு இருக்கட்டும். வேலையைப் பாரு."

இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று மாயாங் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் சண்டை. கோலை எடுத்தாள்.

பெரியம்மாவின் இரண்டு கையும் ரங்காவின் இடது தோளில் இறங்கின. இழுத்தாள். அவ்வளவுதான். மாயாங்குக்குக் கையில் இருந்த கோல் வேறு கோலாகிவிட்டது போலிருந்தது. முதல் தட்டிலேயே தெரிந்தது. தோல் தறியில் ஏறின பாவு மாதிரி நின்றது. ஊசி எங்கே போகவேண்டுமோ அங்கே போய் நின்றது, மயிரிழை பிசகவில்லை. அவள் கோடு வளைகிற பக்கத்துக்கு, அவள் வாய் திறப்பதற்கு முன்பே, பெரியம்மாவின் கை நகர்ந்தது. பெரியம்மா பேசவில்லை. மீன் கதை இல்லை, மாமியார் கதை இல்லை. டக், டக், டக். பையன் முனகினால் மட்டும், "சும்மா கிட. உன்னைப் பெத்தப்ப நான் முனகினேனா?" என்றாள்.

முதல் இதழ், இரண்டாம் இதழ். ஆறாவது இதழ் வந்தபோது பழக்க தோஷத்தில் மாயாங்கின் வாய் கத்துவதற்குத் திறந்தது. கத்த ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு தட்டினாள். எப்போதாவது ஒரு நாள் ஒரு நிமிஷம் வருகிற அந்த வயிற்றுக் குளிர்ச்சி, அன்றைக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. எனக்கு இந்த வேலை வரும், நன்றாகவே வரும் என்று அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான். அதுவரை தன் மேல் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

துடைத்தாள். ரங்காவ் எழுந்து கண்ணாடி முன்னால் நின்றான். இடது தோளைப் பார்த்தான், வலது தோளைப் பார்த்தான், மறுபடி இடது தோளைப் பார்த்தான்.

"அக்கா… இடது பூ ரொம்ப நல்லா இருக்கு. இப்ப வலது பூ கொஞ்சம்…"

"மூடுறா வாயை!" என்று மாயாங்கும் பெரியம்மாவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

உண்மைதான், அதுதான் கொடுமை. வலது பூ நல்ல பூ. இடது பூ அதைவிட நல்ல பூ. ஜோடியில் ஒன்று உசத்தி. முடித்தோம் என்று ஒரு பெருமூச்சு விடலாமென்றால் அதற்கும் வழியில்லை.

"காவாய்க்கு வருவான்ல," என்றாள் பெரியம்மா, கையுறையை உரித்துக்கொண்டே. "அப்ப அந்த ஆறாவது இதழுக்கு வெளியே ஒரு வரி கூட்டு, சரியாயிரும். நான் பிடிக்கிறேன். இவன் தொட வேணாம்."

"நான் தொடலை" என்றான் ஜிம்புன் அவசரமாக. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டு மணி வேனுக்கு நேரமாகிவிட்டது. பெரியம்மா பையை மாட்டிக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை? இல்லை. போகிற போக்கில், "இந்தப் படி ரொம்பச் செங்குத்து" என்றாள். மகனைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

மாயாங் பாயைச் சுருட்டினாள். ஓரத்தில் இரும்பு தட்டுப்பட்டது. பாக்குவெட்டி.

மறந்துவிட்டாளா? "இப்போதைக்கு" என்றுதானே சொன்னாள்? ஐந்து மணி நேரப் பயணம், வெற்றிலை இல்லாமல் ஒரு மைல் தாண்டாத கிழவி. பிறகு ஒரு மாதத்துக்கு, "எம் பாக்குவெட்டியை அமுக்கிக்கிட்டா" என்று ஆறு முழுக்கச் சொல்வாள். வேண்டாமப்பா இந்த வம்பு! பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு பதினேழு படியும் தடதடவென்று இறங்கி ஓடினாள். மூலையில் வேன் நின்றுகொண்டிருந்தது. பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு முழுப் பாக்கைக் கடைவாயில் வைத்து, கண்ணைச் சுருக்கிக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா! பாக்குவெட்டியை விட்டுட்டீங்க! இந்தாங்க!"

பெரியம்மா கையை நீட்டவில்லை. பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"குடுத்த இரும்பைத் திருப்பி வாங்குறதுக்கு நான் என்ன ஆ லெங்கா?"

"அப்ப பாக்குக்கு என்ன பண்ணுவீங்க?"

"பல்லு இருக்குல்ல." வேன் உறுமியது. பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "வீட்டுல போய் இறங்கினதும் இருபத்தெட்டுக் கதவும் கேக்கும், எங்கடி உன் பாக்குவெட்டின்னு. கேக்கட்டும். கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்?"